திரையைப் பகிர்ந்தீர்கள் சரி, மூடினீர்களா?

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் பக்கத்து ஹட்டிக்குக்கூட (படகர் கிராமம்) போய்ச் சேர முடியாது. அந்த நாட்களில், ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறு இடத்திலிருந்து பார்த்து இயக்கும் ஸ்கிரீன் ஷேரிங்தான் கை கொடுக்கும். கடையில் இருந்தபடியே எஸ்டேட் ஆபீஸ் பிரிண்டரைச் சரிசெய்துவிடலாம். பெங்களூரில் இருக்கும் மகள், இங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரலாம். அதனால் யாரிடமும் அதை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் மூடினீர்களா என்று மட்டும் கேட்பேன்.

டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டு வந்தார். திறந்து பார்த்தால், தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“இதை யார் சார் போட்டது?”

“பணம் திரும்பி வரும்னு ஒருத்தன் போன் பண்ணினான் தம்பி. சந்தேகமா இருந்துச்சு, பாதியிலேயே கட் பண்ணிட்டேன்.”

அவர் கட் பண்ணியது போனைத்தான். மென்பொருள் அப்படியே இருந்தது. கூடவே, எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே வருவதற்கு ஒரு பாஸ்வேர்டையும் அந்த ஆள் போட்டு வைத்திருந்தான். அப்படிப் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் யாரும் ‘சம்மதம்’ அழுத்த வேண்டியதில்லை. அதே கம்ப்யூட்டரில்தான் அவர் இரண்டு வாரமாக பேங்க் கணக்கைப் பார்த்து வந்திருக்கிறார். பணம் எதுவும் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தொலைவிலிருந்து இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல மென்பொருள்கள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு விண்டோஸிலேயே உள்ள குவிக் அசிஸ்ட் போதும் என்பது என் அனுபவம். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டை எடுத்துச் சொல்ல வேண்டும். உதவி கேட்பவர் அதைத் தன் திரையில் போட்டு, சம்மதம் தர வேண்டும். முதலில் பார்க்க மட்டுமே முடியும். மவுஸைக் கையில் எடுக்க இன்னொரு முறை அனுமதி கேட்கும். திரையில் குவிக் அசிஸ்ட் ஜன்னலை மூடினால் தொடர்பு அறுந்துவிடும், மறுநாள் அதே குறியீட்டோடு யாரும் வர முடியாது. ஒரு எச்சரிக்கை: மோசடிக்காரனும் இதேபோல ஒரு குறியீட்டைச் சொல்லலாம். நீங்களாகக் கூப்பிட்ட, உங்களுக்குத் தெரிந்த ஆள் சொல்வதை மட்டும் போடுங்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று தானாக அழைப்பவருக்குத் திரையைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. 2019-லேயே ரிசர்வ் வங்கி இந்த வகை மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஷேரிங் போய்ப் பாருங்கள். ஸ்கிரீன் ஷேரிங், ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டும் தேவையில்லாத நேரத்தில் அணைந்திருக்கட்டும். விண்டோஸ் புரோவில் ரிமோட் டெஸ்க்டாப்பும் அப்படித்தான். அதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வரும் வழியை, திறந்து வைப்பதை நான் யாருக்கும் செய்து தருவதில்லை, கேட்டாலும்.

அப்புறம், ஆன்லைன் மீட்டிங்கில் முழுத் திரையைக் காட்டாமல் ஒரு ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் வந்து விழும் மெசேஜ் எல்லாருக்கும் தெரியாமல் இருக்கும்.

பகிர்ந்துகொண்டிருக்கும்போது உங்கள் திரை திடீரென்று கறுப்பாகிவிட்டால், எதிராளி உங்களிடமிருந்து எதையோ மறைக்கிறான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ரவுட்டரை அணையுங்கள். பிறகு வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், வேறொன்றில் மாற்றுங்கள். அந்தப் பெரியவருக்கு மென்பொருளை நீக்கி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். 1930-ஐக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, மானிட்டர் ஓரத்தில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.