விடுதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது யார் கடமை?

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். சில ஆலைகளிலும் கல்லூரிகளிலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். "திருநங்கையை விடுதியில் சேர்த்தால் எங்கள் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" என்று நிர்வாகிகள் அடிக்கடி கேட்கிறார்கள். நீங்கள்தான் பொறுப்பு என்கிறேன். திருநங்கை வருவதற்கு முன்பும் நீங்கள்தான் பொறுப்பாக இருந்தீர்கள்.

ஒரு தையல் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களும் இடமும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த திருநங்கை ஒருவருக்குப் பெண்கள் விடுதியில் இடம் ஒதுக்கினார்கள். அங்கிருந்த பெண்கள் எதிர்த்தார்கள். உடனே நிர்வாகம் அவரை வாசலோரத்தில், காவலாளிகளின் கொட்டகையை ஒட்டிய சாமான் அறைக்கு மாற்றியது. சில வாரங்களில் இரவுக் காவலாளி ஒருவன் அவரிடம் அத்துமீறினான். புகார் கொடுக்கப் போனவரை, "சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண் என்றுதான் இருக்கிறது, உங்கள் புகாரை வாங்க முடியாது" என்று மனிதவள அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். பெண் இல்லை என்று சொல்லி விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அதையே சொல்லிப் புகாரையும் மறுத்தார்கள்.

எதிர்த்த பெண்களிடமும் உட்கார்ந்து பேசினேன். அவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இருபது வயதுகூட நிரம்பாமல் ஊரை விட்டு வந்து தங்கியிருக்கும் பெண்கள் அவர்கள். குளியலறைகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருக்கும் கதவுகளும் தோள் உயரத்துக்குத்தான். அதைச் சரிசெய்யச் சொல்லி வார்டனிடம் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தார்கள். லைன் சூப்பர்வைசர் இரவு நேரத்தில் போன் செய்து தொல்லை கொடுப்பதைப் பற்றி யாரிடம் சொல்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளகக் குழு என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். "கதவே மூடாத இடத்தில் யார் வந்தாலும் பயம்தானே அக்கா" என்றாள் ஒரு பெண். இத்தனை நாளும் இந்தப் பயத்துக்குக் காது கொடுக்காத நிர்வாகம், ஒரு திருநங்கையை வெளியேற்ற வேண்டியபோது மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

ஆலைப் பெண்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஊரறிந்த சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தொழிலாளி கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பிறகு தொழிற்சங்கம் போராடியதால்தான், ஆலையில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தொழிற்சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தம் 2022இல் பிறந்தது. அதிகாரம் வைத்திருப்பவனின் நடத்தையைக் கண்காணிப்பதே அதன் மையம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே தீர வேண்டும். அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் திருநங்கைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே, 2014 ஏப்ரலில், நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் மூன்றாம் பாலின மாணவர்களும் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆகவே கல்லூரிகள் கைவிரிக்க வழியே இல்லை. நிறுவனங்களும் தங்கள் பணி விதிகளில் எல்லாருடைய புகாரையும் ஏற்போம் என்று எழுதிக்கொள்ளலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

சட்டத்திலேயே பெரிய ஓட்டை ஒன்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 2019இல் திருநர் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதில் எழுதிய தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான். பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

இப்போது சிலர் லண்டன் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்த நாட்டின் 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்றது. அது அந்த நாட்டுச் சட்டத்துக்கான விளக்கம்; இங்குள்ள நிர்வாகத்தை அது கட்டுப்படுத்தாது. திருநருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் பாதுகாப்பு தொடர்கிறது என்று அதே தீர்ப்பு சொல்வதை இவர்கள் படிப்பதில்லை. பிறப்புப் பாலினப்படிதான் விடுதி என்று இங்கே வைத்துக்கொண்டால், தாடி வளர்ந்த திருநம்பியைப் பெண்கள் விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டிவரும்.

நான் நிர்வாகங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: முழு உயரக் கதவும் உள்தாழ்ப்பாளும் போடுங்கள். தனித்தங்கல் அறைகள் சிலவற்றை ஒதுக்கி, யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் கொடுங்கள். முன்பு வன்முறைக்கு ஆளான ஒரு பெண் தனிமை கேட்டால் அதை மதியுங்கள். அதற்காக அவளை வெறுப்பு பேசுகிறவள் என்று முத்திரை குத்தாதீர்கள். ஒரு திருநங்கையே தவறாக நடந்துகொண்டார் என்று புகார் வந்தாலும் எல்லாருக்கும் உள்ள அதே விசாரணையை நடத்துங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் யாராகவும் இருக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது.

இதைப் படிப்பவர்களில் வேலையிடத்துத் துன்புறுத்தலுக்கு ஆளானவர் இருந்தால்: சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடித்தாக வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவை அணுகலாம். புகாரை வாங்க மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் எங்களுக்கு அதுவே முதல் ஆவணம்.