பலமான டீமோடு ஃபைனலா? 8 பாயிண்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கல்லூரி டீம் ஒன்று கூடைப்பந்து ஃபைனலுக்கு வந்தால், எதிரே பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்து, ஹாஸ்டலில் வைத்துப் பயிற்சி கொடுக்கும் கல்லூரிதான் நிற்கும். உயரமும் அவர்கள் பக்கம், பெஞ்ச் பலமும் அவர்கள் பக்கம். "வெறியா ஆடுங்கடா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால் முதல் குவார்ட்டரிலேயே மூச்சு வாங்கும், நாலு டீம் ஃபவுலும் ஏறிவிடும். அதற்குப் பதில் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

ஒரு மேட்சில் இரண்டு டீமுக்கும் தலா 80 பொசஷன் (பந்து கைக்கு வந்து தாக்கும் வாய்ப்பு) கிடைக்கிறது என்று வையுங்கள். அவர்கள் ஒரு பொசஷனுக்குச் சராசரியாக 1.1 பாயிண்ட் எடுக்கிறார்கள், நீங்கள் 1.0. முடிவில் வித்தியாசம் 8 பாயிண்ட். இந்த எட்டை எங்கே அடைப்பது?

எல்லோரும் முதலில் சொல்வது "மெதுவா ஆடு". அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 1985 என்.சி.ஏ.ஏ. தொடரின் ஃபைனலில் வில்லனோவா, பலமான ஜார்ஜ்டவுனை 66-64 என்று கவிழ்த்ததை உதாரணம் காட்டுவார்கள். அன்று வில்லனோவா போட்ட 28 ஷாட்டில் 22 உள்ளே போனது. ஆனால் அந்தத் தொடரில் ஷாட் கிளாக்கே (இத்தனை நொடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற கெடு) கிடையாது. நல்ல ஷாட் வரும்வரை பந்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். நமக்கு 24 நொடி. அவர்கள் 15 நொடியில் ஷாட் போட, நீங்கள் 20 நொடி எடுத்தால், 2400 நொடியில் தலா 68 பொசஷன்தான் வரும். வித்தியாசம் 8-லிருந்து 7 ஆகும். மிச்சம் ஒரே பாயிண்ட். வேண்டாம் என்று சொல்லவில்லை, இதையே மொத்தத் திட்டமாக வைக்காதீர்கள். அதிலும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நின்று, கிளாக் 6 காட்டும்போது முழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. கிளாக்கில் 14 இருக்கும்போதே முதல் ஸ்கிரீன் (நம் ஆளுக்கு வழிவிட எதிரியை மறித்து நிற்பது) விழுந்திருக்க வேண்டும்.

பெரிய லாபம் டர்ன் ஓவரில். 20 முறை பந்தை விடும் டீம் அதை 14 ஆகக் குறைத்தால் ஆறு ஷாட் கூடும். கிட்டத்தட்ட ஆறு பாயிண்ட். எதிரிக்கு இலவசமாகக் கிடைக்கும் லே அப் (ரிங்குக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் ஷாட்) குறைவதை இதில் சேர்க்கவே இல்லை. பலமான டீம் ஆரம்பத்திலேயே ஃபுல் கோர்ட் ப்ரெஸ் போடும், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கும். பந்து பெரும்பாலும் பறிபோவது ஒரே இடத்தில்: சென்டர் லைனைத் தாண்டியவுடன் சைடு லைன் ஓரம். பின்னால் திரும்பி நம் பாதிக்குப் போனால் பேக் கோர்ட் விதிமீறல், பக்கத்தில் அவுட், எதிரே இரண்டு பேர். அங்கே டிரிபிள் பண்ணிக்கொண்டு போகவே கூடாது. உயரமான பையனைச் சென்டர் சர்க்கிளில் நிறுத்துங்கள். பந்து அவன் கைக்கு வரட்டும், திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் கொடுக்கட்டும். த்ரோ இன் போட்டவன் (கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே கொடுத்தவன்) பந்துக்குப் பின்னாலேயே வர வேண்டும். மாட்டிக்கொண்டால் அவன்தான் வழி. மூன்று பாஸ் போதும், நம் பாதியைத் தாண்டக் கொடுக்கும் 8 நொடி தாராளம். பதறிப்போய்த் தூக்கிப் போடும் நீளமான பாஸ்தான் எதிரிக்குச் சாப்பாடு.

அடுத்தது ஃப்ரீ த்ரோ. 20-க்கு 10 போடும் டீம் 14 போட்டால் நாலு பாயிண்ட். இதற்கு உயரம் தேவையில்லை. பயிற்சி முடிவில் வரிசையாக இருபது போடுவதால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் ஐந்தாவது ஷாட்டுக்குள் கை பழகிவிடும். மேட்சில் ஒரு தடவைக்கு இரண்டுதான் வரும், அதுவும் ஓடி இளைத்த காலோடு. கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருமுறை ஓடிவிட்டு இரண்டே ஷாட். இப்படிப் பத்துச் சுற்று. எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

டிஃபென்ஸில் 2-3 சோன் (இரண்டு பேர் முன்னால், மூன்று பேர் பின்னால் நின்று ஆளுக்கு ஒரு இடத்தைக் காப்பது) நல்ல தேர்வு, ஃபவுலும் குறையும். அதன் ஓட்டை ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பது. "என் ஆள்" என்று யாரும் இல்லாததால் எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஷாட் கிளம்பியதும் பக்கத்தில் இருப்பவனை முதுகால் அடைக்க வேண்டும், பந்து அப்புறம்.

நம் பக்கத்து டீம்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ராயபுரம், காசிமேடு பக்கம் மாலை நேரம் சிமென்ட் கோர்ட்டில் கடற்காற்றில் ஆடிப் பழகியவர்கள் பந்தைத் தாழ்வாக, வேகமாக விடுவார்கள். உள்ளரங்கத்தில் காற்று இல்லை, ஆனால் பழக்கம் போகாது. பந்து ரிங்கின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். போர்டுக்குப் பின்னால் சுவருக்குப் பதில் காலி கேலரி தெரிவதால் தூரமும் கண்ணை ஏமாற்றும். ஒரு வாரம் முன்பே எங்காவது உள்ளரங்கத்தில் இரண்டு வேளையாவது கேட்டு வாங்கி, ஃபைனலில் தரப்போகும் அதே வகைப் பந்தில் போட்டுப் பழகுங்கள். தூசி ஏறிய ஷூ மரத்தளத்தில் வழுக்கும். பெஞ்ச் அருகில் ஈரத் துணி விரித்து, இறங்கும் ஒவ்வொருவரும் அதில் மிதித்துவிட்டுப் போகட்டும். ஃபைனலுக்கென்று புது ஷூ வாங்கி அன்றே போடுவது கொப்புளத்துக்கு அழைப்பு.

சாப்பாடு மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்பு, எண்ணெய் குறைவாக. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குறித்திருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் ஒன்றைக் கொட்டினால் வயிறு கெடும். பெரியமேட்டில் மேட்ச் என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேனில் மாட்டிக்கொள்ளாமல், விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள்.

இனி டைம் அவுட். முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று. முதல் பாதியில் மிஞ்சியது அடுத்ததற்கு வராது. கடைசி 2 நிமிடத்தில் இரண்டுதான் எடுக்கலாம். மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தால் ஒன்று வீண். அந்த 2 நிமிடத்துக்குள் உங்கள் பாதியில் த்ரோ இன் உங்களுக்குக் கிடைக்கும்போது டைம் அவுட் கேட்டால், எதிரியின் பாதியிலிருந்தே த்ரோ இன் போடத் தேர்வு செய்யலாம். அப்போது ஷாட் கிளாக் அதிகபட்சம் 14-தான். அந்த 14 நொடிக்கு என்று தனியாக ஒரு செட் ப்ளே (முன்பே பழகிய ஆட்டத் திட்டம்) வைத்து, த்ரோ இன் போடுபவன் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நாலு பாயிண்ட் பின்தங்கி ஒரு நிமிடம் மிச்சம் இருந்தால், கோர்ட்டின் நடுவிலிருந்து த்ரீ பாயிண்ட் வீசாமல் சீக்கிரம் ஒரு லே அப்புக்குப் போங்கள். ஃபவுல் போட்டு நிறுத்த நேரம் இன்னும் இருக்கும்.