மேம்பாலம் ஏறும்போது மட்டும் நின்றுபோகும் எலக்ட்ரிக் பைக்

எலக்ட்ரிக் பைக் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டுகிறது, சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது, மேம்பாலம் ஏறும்போது மட்டும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் காணாமல் போன கோடுகள் மீட்டரில் திரும்ப வந்துவிடும், வண்டியும் கிளம்பும். மெக்கானிக் மெயின் ஸ்டாண்டு போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார், சக்கரம் பறக்கிறது. கடைசியில் "பேட்டரி வீக்குங்க, மாத்திடுங்க" என்கிறார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பேட்டரிதான் வண்டியிலேயே விலை கூடிய பாகம். அதை மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

விலை குறைந்த வண்டிகளில் மீட்டர் பார்ப்பது வோல்டேஜை மட்டும்தான். மிச்சம் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வோல்டேஜோ, நாம் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து இறங்கும். காரணம், பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும், உப்பு படிந்த பழைய குழாயில் இரண்டு டேப்பைச் சேர்த்துத் திறந்தால் நூலாகத்தான் ஒழுகும். இங்கேயும் அதே கதைதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 48 வோல்ட் லித்தியம் பேட்டரியில் பெரும்பாலும் 13 செல் தொகுப்புகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். முழு சார்ஜில் 54.6 வோல்ட். ஓரளவு ஓடிய பிறகு 47 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது. புது பேட்டரியின் உள்மின்தடை 0.1 ஓம் என்றால் 2 வோல்ட் இறங்கி 45-இல் நிற்கும், பிரச்சினை இல்லை. வயதாகி மின்தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் 6 வோல்ட் இறங்கி 41. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். பல கன்ட்ரோலர்கள் 42 வோல்ட்டை ஒட்டி மோட்டாரை நிறுத்திவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆம்பியர் குறைகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, கோடுகளும் திரும்பி வருகின்றன. குளிரில் மின்தடை இன்னும் கூடும். ஊட்டியில் டிசம்பர் காலையில் வண்டி சோம்பலாக ஏறுவது அதனால்தான்.

மெயின் ஸ்டாண்டு சோதனை ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே புரியும். சும்மா சுற்றும் சக்கரத்துக்குச் சில ஆம்பியர் போதும், வோல்டேஜ் அசையவே அசையாது. சரி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பாரம் கொடுக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. பிரேக் லீவரில் இருக்கும் சின்ன சுவிட்ச் மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மீட்டரில் வோல்ட் எண் காட்டும் வண்டி என்றால், ஏற்றத்தில் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் அதைக் கவனிக்கட்டும்.

நின்றுபோகும் அந்த நொடியில் டிஸ்பிளே என்ன ஆகிறது என்று பாருங்கள். எரிந்துகொண்டே இருந்து மோட்டார் மட்டும் நின்றால், நிறுத்தியது கன்ட்ரோலராக இருக்கலாம். பிரேக் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும், சைடு ஸ்டாண்டு சென்சாரில் மழைத் தண்ணீர் இறங்கினாலும் இப்படித்தான் ஆகும். டிஸ்பிளேயே அணைந்துவிட்டால் மின்சாரம் அடியோடு துண்டிக்கப்பட்டிருக்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), ஃப்யூஸ், கனெக்டர், அப்புறம் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் பலகை. இந்த வரிசையிலேயே பாருங்கள், செலவு குறைந்தது முதலில்.

கனெக்டரைப் பலரும் பார்ப்பதே இல்லை. சரியாகப் பொருந்தாத ஒரு முனையில் 0.05 ஓம் மின்தடை இருந்தால் போதும், 20 ஆம்பியரில் ஒரு வோல்ட் அங்கேயே தொலையும், 20 வாட் வெப்பமாக. அவ்வளவு சின்ன உலோகத்துக்கு இது அதிகம். பிளாஸ்டிக் பழுத்து இளகியிருக்கும், முனை கறுத்திருக்கும். ஏற்றத்தில் ஓட்டி வந்ததும் வண்டியை அணைத்துவிட்டு, கனெக்டரின் உறையை மட்டும் தொட்டுப் பாருங்கள். ஒயர் சூடில்லாமல் கனெக்டர் மட்டும் சுட்டால் குற்றவாளி அதுதான். பேட்டரியை மாற்றினாலும் இந்தக் குறை போகாது.

பிஎம்எஸ் பார்ப்பது மொத்த வோல்டேஜை மட்டும் அல்ல. 13 தொகுப்பையும் தனித்தனியாகப் பார்க்கும். பன்னிரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் பாரத்தில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அது செல் கெட்டதாலும் இருக்கலாம், வெறும் சமநிலைக் குலைவாகவும், அதாவது தொகுப்புகளில் சார்ஜ் ஏற்றத்தாழ்வாக இருப்பதாகவும் இருக்கலாம். சாதாரண பிஎம்எஸ் செல்களைச் சமப்படுத்துவது சார்ஜ் முழுதாகும் தறுவாயில்தான், அதுவும் 50 மில்லி ஆம்பியர் போன்ற சிறு அளவில். அரை ஆம்பியர்-மணி வித்தியாசத்தைச் சரிசெய்யப் பத்து மணி நேரம் ஆகும். எப்போதும் 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள், அவ்வப்போது முழு சார்ஜுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டுவைக்கலாம். ஆனால் பகலில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் பைக் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

சார்ஜே ஏறவில்லை என்ற புகார் வேறு வகை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஆம்பியர் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். செருகிய உடனே பச்சை வந்தால் ஃப்யூஸ் போயிருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். அல்லது பேட்டரி சூடாக இருக்கலாம். சித்திரை வெயிலில் ஓட்டி வந்து அப்படியே செருகினால், 45 டிகிரியைத் தாண்டிய செல்களைச் சார்ஜ் செய்யப் பல பிஎம்எஸ்கள் மறுத்துவிடும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுச் செருகினால் தானாகவே ஏறும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்த வண்டியில் சார்ஜ் ஏறாவிட்டால் மட்டும் உஷாராக இருங்கள். பிஎம்எஸ்ஸும் ஒரு துளி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். செல்கள் 2 வோல்ட்டுக்கும் கீழே வெகுநாள் கிடந்தால், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழியுண்டு. பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்து "உயிர் கொடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பேட்டரியை அவர்களிடம் கொடுக்காதீர்கள், தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.