கழுவினால் போகாது: துளசித் தொட்டிக்கு ரோஜா மருந்து வேண்டாம்

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. என் நாற்றங்காலில் இரண்டு வருடமாகச் செடி வாங்கும் ஒரு அம்மா. "ஏம்மா, கற்பூரவல்லியில விஷம் இருக்குமா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. மூன்று வயதுப் பேரனுக்குச் சளி என்று மாடியில் இருந்த கற்பூரவல்லியில் பத்து இலை பறித்து, வாட்டி, சாறு பிழிந்து, தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு வாந்தி. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்க, உடம்பெல்லாம் வியர்த்து, துவண்டுவிட்டான். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டுதான் பேசினார்.

"செடிக்கு என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"மாவுப்பூச்சி வந்துச்சுன்னு ரோஜாவுக்குப் போடுற குருணை மருந்தை ஒரு ஸ்பூன் போட்டேன். ஆனா இலையை நாலு தடவை கழுவிட்டுத்தான் கொடுத்தேன்மா."

உடனே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், வீட்டிலிருந்து அந்தப் பொட்டலத்தை யாரையாவது எடுத்து வரச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளை மூன்றாம் நாள் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் இந்த வருடத்தில் மட்டும் மூலிகைத் தொட்டியில் குருணை போட்ட கதையை நான் கேட்பது இது நான்காவது தடவை. மற்ற மூன்று வீட்டிலும் இலையைப் பறிப்பதற்கு முன்பே பேச்சுவாக்கில் தெரிந்ததால் தடுக்க முடிந்தது. நான்கு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "கழுவிட்டுத்தானே சாப்பிடுறோம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சிமருந்தில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தொடு நஞ்சு, இலையின் மேல் படிந்து நிற்பது. இன்னொன்று ஊடுருவிப் பாயும் நஞ்சு. ரோஜாவுக்கு மண்ணில் தூவும் குருணை இந்த இரண்டாவது ரகம். டைமெத்தோயேட், அசிஃபேட், இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்ஸாம் என்று தெளிக்கக் கொடுக்கும் மருந்துகளும் அப்படித்தான். வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் போய், சாற்றோடு கலந்து ஓடும். அசுவினியும் மாவுப்பூச்சியும் அந்தச் சாற்றை உறிஞ்சித்தான் சாகின்றன. பூச்சி செத்தது என்றால் இலைக்குள் மருந்து இருக்கிறது என்று பொருள். அதே சாற்றைத்தான் நாம் பிழிந்து சங்கில் ஊற்றுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிற்க வைத்தது நினைவிருக்கிறதா? சில மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடு ஏறும். அந்தத் தண்டை எத்தனை தடவை கழுவினாலும் கோடு போகுமா? உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால்? மஞ்சள் தண்ணீரில், புளித் தண்ணீரில், வெந்நீரில்? நான்கு பேரிடமும் இதைத்தான் கேட்டேன். கழுவினால் தூசி போகும், பூச்சி முட்டை போகும், மேலே படிந்த மருந்தில் ஒரு பங்கு போகும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வதக்கினாலும் கஷாயம் வைத்தாலும் விஷம் முறிந்துவிடும் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

"வயலிலும்தானே மருந்து அடிக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பயிருக்கு எவ்வளவு, கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்று டப்பாவின் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். ரோஜாவுக்கு வாங்கிய மருந்தில் உங்கள் கற்பூரவல்லிக்கு யார் நாள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்? துளசித் தொட்டியில் அறுவடை என்பது தினமும். அதுவும் பத்து இருபது இலையின் சாறு முழுவதும் பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் ஒரே மடக்கில் போகிறது.

மறுநாள் காலையில் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேல்மண்ணை விரலால் கிளறியதும் கடுகைவிடச் சிறிய ஊதா நிறக் குருணைகள், பாதி கரைந்தும் கரையாமலும். தொட்டி மூன்றடுக்குத் தாங்கியில் இருந்தது. மேல்தட்டில் ரோஜா, நடுவில் கற்பூரவல்லி, கீழே புதினா. ரோஜாவுக்கு ஊற்றும் தண்ணீர் வடிந்து நடுத்தட்டுக்கும், அங்கிருந்து புதினாவுக்கும் போகிறது. ஒரு ஸ்பூன் போடாமலே இருந்திருந்தாலும் புதினாவுக்குப் பங்கு போயிருக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை. பழைய ரோஜாத் தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறி அதிலேயே கொத்தமல்லி விதைப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிட்டுக்குருவிக்கு அரிசி வைத்திருந்தார். குருவிக்குக் குருணையும் தானியமும் ஒன்றுதான்.

பொட்டலம் செய்தித்தாளில் மடித்தது. பெயர் இல்லை, எச்சரிக்கை முக்கோணம் இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிள் இல்லாமல் மருந்து விற்கவே கூடாது. ஃபோரேட் என்ற குருணை நஞ்சை 2020 டிசம்பர் 31 முதல் மத்திய அரசு முற்றிலும் தடை செய்துவிட்டது. இருந்தும் "குருணை குடுங்க" என்று கேட்டால் எதையோ அள்ளி மடித்துக் கொடுக்கிறார்கள், நாமும் வாங்கிவந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

இன்னொன்றையும் என் தொழிலை வைத்தே சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலில் வாங்கும் பசுமையான மூலிகைச் செடியை அன்றைக்கே பறித்துச் சாப்பிடாதீர்கள். ஆயிரக்கணக்கான செடி நெருக்கமாக நிற்கும் இடத்தில் மருந்து இல்லாமல் சமாளிப்பவர்கள் குறைவு. வாங்கிவந்தால் நுனியை ஒடித்து நட்டு, பழைய இலையை உதிர்த்துவிட்டு, இரண்டு மாதமாவது புதுத் துளிர் வரும்வரை காத்திருங்கள். கடைக் கறிவேப்பிலையும் இதே கதைதான். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது.

அதனால்தான் வருகிறவர்களிடம் விதையிலிருந்து வளர்க்கச் சொல்கிறேன். அந்தச் செடி முளைத்த நாளிலிருந்து என்ன குடித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

விதை வாங்கும்போது நிறம் பாருங்கள். ரோஸ் நிறத்திலோ பச்சையாகவோ தூள் பூசியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லியில் நேர்த்தி செய்த விதை. மிச்சத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, முளைகட்டிச் சாப்பிடவும் கூடாது. கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் மளிகைக்கடைச் சரக்கே போதும், பழசாக இல்லாமல் இருந்தால் சரி. முழு மல்லிக்குள் இரண்டு விதை ஒட்டியிருக்கும். ஒரு துணியில் போட்டு, செருப்பில்லாத குதிகாலால் மெதுவாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். பொடியாக நசுக்கிவிடாதீர்கள். ஒரு இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மூடினால் பத்து நாளில் தலைகாட்டும். ஐந்தாம் நாளே "முளைக்கல" என்று கிளறிப் பார்த்தால் எப்படி முளைக்கும்? வெந்தயம் மூன்று நான்கு நாளில் வந்துவிடும். துளசி விதையைப் புதைக்க வேண்டாம், ஈர மண்மேல் தூவி, அதன்மேல் தெரிந்தும் தெரியாமலும் தென்னை நார்க்கழிவைச் சலித்துப் போடுங்கள், பூவாளியால் ஊற்றாமல் தெளிப்பானால் நனையுங்கள். புதினாவும் கற்பூரவல்லியும் குச்சி நட்டாலே வரும், மருந்து படாத வீட்டிலிருந்து வாங்கிய குச்சியாக இருக்கட்டும்.

துளசியில் பூங்கதிர் தலைகாட்டும்போதே கணுவுக்கு மேலே கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் பறிப்பது நல்லது. உலர்த்துவது நிழலில்தான்.

பூச்சி வரத்தான் செய்யும். மாவுப்பூச்சி அதிகமாக உள்ள கிளையை வெட்டி எறியுங்கள். மிச்சத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை செய்தாலே அடங்கும். அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில். அதன்பிறகு ஒரு வாரம் இலையைத் தொடாதீர்கள். வேப்பெண்ணெயை இயற்கைதானே என்று குழந்தை வாயில் ஊற்றுவதும் ஆபத்து, வலிப்பு வரை கொண்டுபோய் விடும். அப்படியும் பூச்சி போகவில்லையா? செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு குச்சி நடுங்கள். பத்து ரூபாய்ச் செடி.

நான் தோட்டக்கலை படித்தவள், மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் மருந்து பட்ட இலையைச் சாப்பிட்டு எச்சில் ஒழுகல், வாந்தி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பொட்டலத்தையும் ஒரு கைப்பிடி இலையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். செடிக்கு என்ன போட்டோம் என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அந்தத் தாங்கியில் இருந்த கற்பூரவல்லியையும் புதினாவையும் மண்ணோடு அகற்றினோம். மளிகைக்கடை மல்லியைப் பிளந்து ஊறவைத்துப் புதுத் தொட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முந்தாநாள் அந்த அம்மா போன் செய்தார். பதினோராம் நாள், இரட்டை இலை விட்டிருக்கிறது, பேரன்தான் முதலில் பார்த்தானாம். "ரோஜாவை மட்டும் என்ன செய்யட்டும்மா, தூக்கிப் போட மனசு வரல" என்றார். மாடியின் எதிர் மூலையில், மழைநீர்க் குழாய் இருக்கும் பள்ளப் பக்கமாகத் தனியே தரையில் வையுங்கள், அதன் தண்ணீர் வேறெந்தத் தொட்டியையும் தொடக் கூடாது என்று சொன்னேன்.