நான் இப்போ எந்த சர்வர்ல இருக்கேன்?

ஒரு சனிக்கிழமை ராத்திரி, பெருங்குடி ஆபீஸ். வாடிக்கையாளரின் சர்வர்களுக்கு மாதாமாதம் பேட்ச், அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், போடும் வேலை. தூரத்து மெஷினின் திரையை நம் திரையில் திறந்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, என் லேப்டாப்பிலிருந்து ஜம்ப் சர்வர் (மற்ற சர்வர்களுக்குப் போக எல்லோரும் முதலில் நுழையும் மெஷின்), அதற்குள்ளிருந்து அப்ளிகேஷன் சர்வர். பேட்ச் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட்தான் பாக்கி. நடுவில் ஜம்ப் சர்வரில் ஏதோ எக்செல் பார்ப்பதற்காக உள்ளே இருந்த அப்ளிகேஷன் சர்வர் செஷனைச் சின்ன விண்டோவாக்கியிருந்தேன், அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, பழக்கதோஷத்தில் விண்டோஸ் கீயும் எக்ஸும், அப்புறம் யூ, ஆர் என்று ரீஸ்டார்ட்டுக்கான கீகளைத் தட்டி, காரணம் கேட்டு வந்த பெட்டியையும் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். போனது ஜம்ப் சர்வர். அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெளியே. "யாருப்பா அது?" என்று குரூப் சாட்டில் வந்த கேள்விக்குப் பதில் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தூக்கக் கலக்கம் என்று அன்றைக்குச் சொல்லித் தப்பித்தேன். உண்மைக் காரணம் வேறு. ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல் ரிசோர்சஸ் என்ற டேபைத் திறந்து பாருங்கள், விண்டோஸ் கீ எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். நீங்கள் மாற்றாதவரை அது 'முழுத்திரையில் இருந்தால் மட்டும்' என்றே இருக்கும். அதாவது உள் செஷன் முழுத்திரையில் இருந்தால் கீ உள்ளே போகும், விண்டோவாகச் சுருங்கியிருந்தால் அதற்கு வெளியே இருக்கும் மெஷின் பிடித்துக்கொள்ளும். ஒரே கீ, ஒரே விரல், போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. ஒரு அடுக்கு என்றால் சமாளிக்கலாம். வீட்டு லேப்டாப், அதிலிருந்து ஆபீஸ் டெஸ்க்டாப், அங்கிருந்து ஜம்ப் சர்வர், கடைசியில் வாடிக்கையாளர் சர்வர் என்று போகிறவர்களுக்குக் கடவுள்தான் துணை.

கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் இன்னும் மோசம். அதை எங்கே அழுத்தினாலும் உங்கள் மெஷினில்தான் விழும். அதற்குப் பதில் கன்ட்ரோல் ஆல்ட் எண்ட் என்பது பலருக்குத் தெரியும், ஆனால் அது முதல் அடுக்கோடு நின்றுவிடும். இரண்டாவது அடுக்கில் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டுமா, அந்த செஷனுக்குள் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, கையால் கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திக்கொண்டே திரையில் இருக்கும் டெலீட்டைக் கிளிக் செய்யுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் நான் செய்த முதல் காரியம் வால்பேப்பரை மாற்றியது. ப்ரொடக்‌ஷன் (நிஜ வேலை ஓடும் சர்வர்) என்றால் சிவப்பு, டெஸ்ட் என்றால் பச்சை, ஜம்ப் சர்வர் மஞ்சள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் டூல்களில் ஒன்றான பிஜிஇன்ஃபோவைப் போட்டால் சர்வர் பெயர், ஐபி முகவரி எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே எழுதிக் காட்டும், இலவசம். ரீஸ்டார்ட்டை மெனுவில் செய்வதையும் விட்டுவிட்டேன். கமாண்ட் விண்டோவில் ஹோஸ்ட்நேம் என்று தட்டி, வரும் பெயரைப் படித்த பிறகுதான் ஷட்டவுன் கமாண்ட்.

அடுத்தது டிஸ்கனெக்ட். மேலே இருக்கும் எக்ஸை அமுக்கிவிட்டு லாக் ஆஃப் செய்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நம்மில் ஏராளம். செஷன் அங்கேயே உயிரோடு இருக்கும், திறந்த ஃபைலும் ஓடும் வேலையும் அப்படியே. இதில் நல்லதும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், நெட் போய், பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டை விட்டே இறங்க முடியாமல் கிடந்தபோது, பாதியில் விட்ட டேட்டாபேஸ் வேலை அந்தப் பக்கம் தானாக முடிந்திருந்தது. கெட்டதும் உண்டு. தனி லைசென்ஸ் போடாத விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கென்று 2 செஷன்தான். இரண்டு பேர் எக்ஸை அமுக்கிவிட்டுப் போனால் மூன்றாவது ஆள் யாரையாவது தள்ளிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் அக்கவுன்ட் லாக் ஆகிக்கொண்டே இருக்கிறதா? எங்கோ ஒரு உள் அடுக்கில் நீங்கள் மறந்த செஷன் பழைய பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்கலாம். யார் யாருடைய செஷன் இருக்கிறது என்று காட்டும் க்வெரி யூசர் கமாண்டில் தேடுங்கள், கிடைத்ததும் லாக் ஆஃப் செய்யுங்கள். வெளியே வரும்போது எப்போதும் உள்ளே இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளிப்போர்டையும் டிரைவ் பகிர்வையும் தேவையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். லேப்டாப்பின் சி டிரைவைப் பகிர்ந்துவிட்டு இணைந்தால், அந்த சர்வரில் வைரஸ் இருந்தால் அதற்கும் உங்கள் ஃபைல்கள் தெரியும். காப்பி பேஸ்ட் திடீரென்று நின்றுவிட்டால், டாஸ்க் மேனேஜரில் கிளிப்போர்டைக் கவனிக்கும் ஆர்டிபிகிளிப்பை மூடித் திரும்ப ஓட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவிடலாமே என்று ஒரு மேனேஜர் கேட்டார். வேண்டவே வேண்டாம். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது என்றால் விஷயம் எவ்வளவு தீவிரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கைக் குறைக்க முறையான வழி ஆர்டி கேட்வே, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை உள்ளே அனுப்பும் வாசல் சர்வர். 443 போர்ட் வழியாக அதில் நுழைந்து, லேப்டாப்பிலிருந்தே கடைசி சர்வருக்கு ஒரே செஷனாகப் போய்விடலாம். சில வாடிக்கையாளர்கள் ஜம்ப் சர்வர்தான் வேண்டும் என்பார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்குக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேட்வே கிடைத்தது. இப்போது ஒரே அடுக்குதான். சிவப்பு வால்பேப்பரை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.