சொல் விளக்கம்: குடிமையியல்

என் அக்கா மகனுக்கு 18 வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பேர் ஏறிய பிறகு, மே 1 அன்று முதன்முதலாகக் கிராம சபைக்கு வந்தான். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை சமூக அறிவியலில் குடிமையியல் படித்தவன் அவன். கிராம சபை பற்றிக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வான். ஆனால் அங்கே வந்து உட்கார்ந்ததும் என் காதோரம் கேட்டான்: "ஏனுங் மாமா, இங்க நான் பேசலாமுங்களா?"

ஐந்து வருடம் படித்தும் இது அவனுக்குத் தெரியவில்லையே என்று மனசு கனத்துப்போனது. அந்தப் பாடத்தின் பேரையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

பள்ளிகளில் 'சிவிக்ஸ்' என்று பழகிவிட்ட சொல்லுக்கு வேர் லத்தீன். 'சிவிஸ்' என்றால் ரோமாபுரியில் உரிமை பெற்ற ஆள். சிட்டி, சிவில் எல்லாம் அதன் பங்காளிகள். அதே தெருவில் நடந்த அடிமை சிவிஸ் ஆகமாட்டான்.

நம்முடைய 'குடி' வீட்டிலிருந்து கிளம்பிய சொல். குடியிருப்பு, குடித்தனம், குடிபுகுதல் எல்லாவற்றிலும் வீடுதான் நிற்கிறது. வீடு குடும்பமாகி, குலமாகி, அப்புறம் நாட்டு மக்கள் என்று விரிந்தது. குறளிலேயே இரண்டு பொருளும் உண்டு. "படைகுடி கூழ்அமைச்சு" என்னும்போது குடி என்பது மக்கள். 'குடிமை' என்ற 96ஆம் அதிகாரத்திலோ அது நல்ல குடியில் பிறந்த பெருமை. பிறப்பைச் சொன்ன அந்தக் குடிமைதான் இன்று எல்லாருக்கும் பொதுவான உரிமையையும் கடமையையும் சொல்கிறது. (மது குடிப்பதைக் குறிக்கும் 'குடி' வேறு சொல். மதுக்கடை முன்னால் நிற்பவரைக் 'குடிமகன்' என்று கேலி பேசும்போது ஒரு நல்ல சொல்லை அழுக்காக்குகிறோம்.)

கொங்கு நாட்டில் குடிமகன் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வயதானவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. ஊருக்குப் பரம்பரையாக முடிதிருத்தி வந்தவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் சீர் செய்ய, மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அவர். அவர் பாடாமல் கல்யாணம் நிறையாது. ஆனால் கூலி, களத்தில் அளந்துபோட்ட தானியம். ஊர்க் கூட்டத்தில் சரிக்குச் சமமாக உட்கார இடம் கிடையாது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு அதே சொல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. தானியம் அளந்தவரும் குடிமகன், துண்டில் வாங்கிக்கொண்டு போனவரும் குடிமகன். இளசுகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் சமத்துவத்தை வரையறையாக மனப்பாடம் செய்யச் சொன்னால் எப்படி ஒட்டும்?

அதற்கு 25 வருடம் முன்பே, 1925 மே 2 அன்று, ஈரோட்டிலிருந்து பெரியார் தொடங்கிய வார இதழுக்குக் 'குடி அரசு' என்று பேர். அரசர்களும் ஜமீன்களும் இருந்த காலத்தில் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து வைப்பதற்கே துணிச்சல் வேண்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பாடத்துக்குக் குடிமையியல். சிட்டிசன்ஷிப் என்பது குடியுரிமை. சிவில் சர்வீஸ், குடிமைப் பணி. சிவில் கோர்ட் மட்டும் உரிமையியல் நீதிமன்றம். குடிமகன் என்று ஆணை மட்டும் சொல்லாமல் குடிமக்கள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். சிவிக் சென்ஸுக்குக் குடிமை உணர்வு பொருந்தும். ஆனால் நொய்யல் ஆற்றில் குப்பை கொட்டாமல் இருப்பதோடு அதை முடித்துவிடுகிறோம். அது பாதிதான். கணக்குக் கேட்பது மீதிப் பாதி. 10 ரூபாய் கட்டி மனு எழுதினால் 30 நாளில் பதில் தரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் சொல்கிறது. வகுப்பிலேயே ஆளுக்கொரு மனு எழுதிப் பழகலாமே. வாக்களிக்கும் வயது 21லிருந்து 18க்கு இறங்கியது 1989இல். பள்ளிப் படிப்பு முடிகிற கையோடு ஓட்டும் வந்துவிடுகிறது. அதனால் பழக்கம் அதற்கு முன்னாலேயே வேண்டும்.

அன்றைக்கு அவனிடம், "பட்டியல்ல பேர் இருக்குதல்லப்பா, பேசு" என்றேன். எழுந்தான். குரல் கொஞ்சம் நடுங்கியது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் வரும் வழியில் மூன்று கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, மில் வேலை முடிந்து வரும் அக்காமார்கள் செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள் என்றான். எழுதிக்கொண்டோம் என்றார்கள். அவன் உட்காரவில்லை.

"எழுதுனதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

படித்தார்கள். கம்பம் இரண்டு என்று இருந்தது. மூன்று என்று திருத்தச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.