மொழி தெரியாத துறைத்தலைவர் தமிழ் வகுப்பில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான். தாய்மொழித் துறைத்தலைவர் பெரும்பாலும் சீனமொழி ஆசிரியராக இருப்பார். ஆக, தமிழாசிரியரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதவேண்டிய மேலதிகாரியான (ஆர்.ஓ.) அவருக்கு வகுப்பில் பேசுவதே புரியாது. வருகிறார், பின்வரிசையில் உட்காருகிறார், படிவத்தை நிரப்புகிறார். மாணவர்கள் ஈடுபாட்டோடு இருந்தார்கள், வகுப்புக் கட்டுப்பாடு நன்று, ஐடி இன்னும் பயன்படுத்தலாம் என்று மூன்று வரி. ஆசிரியரும் அந்த நாளுக்கென்றே அட்டை வெட்டி, ஸ்லைடு போட்டு, ஒரு பாடத்தை மெருகேற்றி வைத்திருப்பார். படிவம் கோப்பில் சேரும். பிள்ளைகளின் தமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மொழி தெரியாததுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தமிழில் பட்டம் பெற்றவர் வந்து இப்படி உட்கார்ந்தாலும் இதே மூன்று வரிதான் எழுதுவார்.

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் சுமார் 100 பள்ளி முதல்வர்களின் வேலை நாளைக் கூடவே இருந்து பதிவு செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டச் செலவிட்ட நேரம் கூடியபோது மாணவர் முன்னேற்றமும் கூடியிருந்தது. வகுப்புகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ‘வாக்த்ரூ’ நேரமோ எதிர்த்திசையில் இருந்தது, அதிலும் உயர்நிலைப் பள்ளிகளில். பார்த்ததை வைத்துப் பிறகு எதுவும் நடக்காததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாழ்வாரத்தில் நடந்தபடி ஜன்னல் வழியே தலையாட்டும் முதல்வர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

தமிழ் தெரியாதவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேலை பாடத்துக்கு முன்பே தொடங்குகிறது. முதல் நாளோ அதற்கு முந்தைய நாளோ பத்து நிமிடம் ஒதுக்கி இரண்டே கேள்விகள் கேட்கலாம். பாடம் முடியும்போது பிள்ளைகளால் எதைச் சொல்லவோ எழுதவோ முடியவேண்டும்? அதில் எந்த இடத்தில், யார் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தால் பார்வையாளர் எங்கே கண் வைப்பது என்பது முடிவாகிவிடும். “எல்லாருமே நன்றாகச் செய்வார்கள்” என்று பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

வகுப்புக்குள் படிவம் வேண்டாம். இருக்கை வரைபடம் ஒன்று, கைக்கடிகாரம், பென்சில் போதும். ஒரு பிள்ளை பேசும்போதெல்லாம் அந்த இருக்கையில் ஒரு கோடு. ஒற்றைச் சொல் என்றால் சின்னக் கோடு, வாக்கியம் என்றால் நீளக் கோடு, ஆங்கிலம் கலந்தால் ஒரு புள்ளி. ஆங்கிலம் கலந்ததா என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை.

தொடக்கநிலை 4, பதினாறு பேர், ஒளிக்காட்சியைப் பார்த்து உரையாடும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். அரைமணி நேரத்தில் 27 கோடுகள். அதில் 20 கோடுகள் முன்னால் இருக்கும் நான்கு பேருக்கு. ஐந்து பேருக்கு ஒன்றுகூட இல்லை. நீளக் கோடு மொத்தம் ஆறு. ‘ஈடுபாட்டோடு இருந்தார்கள்’ என்ற வரிக்குள் மறைந்துகொள்வது இதுதான். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் நான்கைந்து வகுப்புகளிலிருந்து நடந்து வந்து சேர்கிறார்கள் என்பதால் இன்னொன்றையும் எழுதிவைக்கலாம்: ஒரு மாணவர் முதன்முதலாகத் தமிழில் முழு வாக்கியம் பேசியது எத்தனையாவது நிமிடத்தில்? பன்னிரண்டு என்று வந்தால், பை வைக்க, வரிசை கட்ட, தேதி எழுத எவ்வளவு நேரம் போகிறது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விநாடிகள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு, நினைத்ததைத் தமிழுக்குக் கொண்டுவர அந்த மூன்று விநாடிகூடப் போதாது. காத்திருக்காமல் ஆசிரியரே விடை சொல்லிவிட்டு, “சரியா?” என்று கேட்டு, “சரி” என்று வாங்கிக்கொள்வது தமிழ் வகுப்புகளில் சர்வ சாதாரணம்.

பார்க்க முடியாததும் உண்டு. ழகர ளகர உச்சரிப்பு, மனப்பாடம் செய்த விடையா சொந்த விடையா என்பது, உரையாடலில் பிள்ளை பேச்சுத்தமிழில் இயல்பாகப் பேசியதை ஆசிரியர் எழுத்துத்தமிழாகத் திருத்தி வாயை அடைத்தாரா என்பது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் தரவேண்டும் என்று 2005இன் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு சொன்ன பிறகும் இந்தத் திருத்தல் நிற்கவில்லை. இதற்கு ஐந்து நிமிட ஒலிப்பதிவு போதும். அதை அதே பள்ளித் தொகுதியில் (கிளஸ்டர்) உள்ள வேறு பள்ளியின் தமிழ் சீனியர் டீச்சர் கேட்டுச் சொல்லலாம். மூன்று மாணவர்களின் கட்டுரை ஏட்டையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. எந்த மூவர் என்பதைத் துறைத்தலைவர் தேர்ந்தெடுக்கவேண்டும், ஆசிரியர் அல்ல.

பாடம் முடிந்து இரண்டு நாளுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் இருவருக்குமே பாடம் மறந்துவிடும். முதலில் வரைபடத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் கோடில்லாத இருக்கைகளைத் தாங்களே சுட்டிக்காட்டுவார்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம்: கையுயர்த்தச் சொல்லாமல் பெயரட்டை எடுத்துக் கேட்பது, அல்லது முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்புக்குச் சொல்வது. ஏழு குறைகளை அடுக்கினால் ஆசிரியர் ஏழையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒன்றையும் செய்யமாட்டார். மறுபடி வரும் தேதியை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடம், அதே வரைபடம், அதே ஐந்து இருக்கைகள்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது தரமதிப்பீட்டோடு சேரும்போது. ஆண்டு இறுதித் தரமும் போனஸும் தொங்கிக்கொண்டிருக்கும் இ.பி.எம்.எஸ். (ஆசிரியர் பணித்திறன் மதிப்பீடு) பேச்சில் யாரும் தன் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்று சொல்லமாட்டார்கள். வரைபடம் ஆசிரியரிடமே இருக்கும், மதிப்பீட்டுக் கோப்பில் சேராது என்று துறைத்தலைவர் முதலிலேயே சொல்லி, சொன்னபடி நடக்கவேண்டும். மதிப்பீட்டுக்கான பார்வையை வேறொரு நாளில், வேறு பெயரில் வைத்துக்கொள்ளட்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் அடைவுநிலையை (ஏஎல்) மட்டும் நம்புவது தவறு. ஏஎல் 6 என்பது நூற்றுக்கு 45 முதல் 64 வரை. 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளை கணக்கில் அசையவே இல்லை. 84இலிருந்து 85க்குப் போனவரோ ஒரு படி ஏறிவிட்டார். பதினான்கு பேர் கொண்ட தமிழ்க் குழுவின் சராசரியைப் போன ஆண்டுக் குழுவோடு ஒப்பிட்டு ஆசிரியரைப் பாராட்டுவதும் திட்டுவதும் இதனால்தான் பொருளற்றுப் போகிறது. பிஎஸ்எல்இ தமிழ்த் தேர்வின் 200 மதிப்பெண்ணில் வாய்மொழிக்கு 50, கேட்டலுக்கு 20. ஆகவே ஒரே வகைப் படத்தைக் காட்டிப் பள்ளியாண்டின் முதல் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் பதிந்த ஒரு நிமிடப் பேச்சை ஒப்பிட்டால், எத்தனை முழு வாக்கியம், எத்தனை ஆங்கிலச் சொல் என்று எண்ணிவிடலாம். எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்திலேயே பிள்ளைகள் பதிவேற்றிவிடலாம்.

நேரம் பற்றி ஒன்று. முதல் தவணையின் நான்காம் வாரத்தில் முதல் பார்வை, ஏழாம் வாரத்தில் மறுபார்வை, இரண்டாம் தவணையில் இன்னொரு சுற்று என்றால் நடக்கும். மூன்றாம் தவணைக்குத் தள்ளிப்போட்டால் நடக்காது. ஆகஸ்டில் பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு வந்துவிடும், இருக்கும் இரண்டு தமிழாசிரியர்களில் ஒருவர் வேறு பள்ளிக்குத் தேர்வாளராகப் போயிருப்பார், மற்றவர் அவர் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.